கரையில்லாத குளம்

நல்ல லென்ஸ் வாங்கிய பிறகு எடுத்த படங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆடி மாதத்தில் எடுத்த இலைக்கோழி. பிடரியின் பொன்மஞ்சள் இழை இழையாகத் தெரிகிறது, நீண்ட வால் நெளிந்து தண்ணீரைத் தொடுகிறது, கண்ணில் ஒளிப்புள்ளி சரியாக விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு குழைவு. ‘பேக்ரவுண்டு உருகிப் போச்சு’ என்று நண்பர்கள் பாராட்டுவார்கள். இந்த விளையாட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உருகிப்போனது எது என்று பார்த்தால், அது தேரூர்க் குளம். குளத்தின் கரை, கரையில் காற்றுக்குச் சாய்ந்து நிற்கும் தென்னைகள், மறுகால், அதற்கப்பால் கன்னிப்பூப் போகத்து நெல் விளைந்து நிற்கும் வயல், வடக்கே மேகம் இறங்கிய தாடகை மலை. அத்தனையும் அந்தப் பச்சைக் குழம்புக்குள் கிடக்கின்றன. இதே பறவையை ஆந்திரத்து ஏரியிலோ இலங்கையின் குளமொன்றிலோ எடுத்திருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும். அப்படியானால் விடியுமுன் எழுந்து தேரூருக்குப் போனது எதற்கு என்ற கேள்வி கொஞ்ச காலமாகவே விட்டுவிட்டு வருகிறது.

எல்லோரும் 18-55 கிட் லென்ஸோடுதான் தொடங்குகிறோம். கேமராவோடு ஒரே பெட்டியில் வருவது, அதனாலேயே மரியாதை இல்லாதது. அடுத்து யாராவது சொல்லி 50 எம்எம் 1.8 வாங்குகிறோம். வீட்டுத் திண்ணையில் பிள்ளையின் முகம் துலங்கி, பின்னால் கொடியில் காயும் துணி காணாமல் போகிறது. அந்த முதல் மறைவில் ஒரு ருசி இருக்கிறது. அதைத்தான் பிறகு துரத்திக்கொண்டே போகிறோம் என்று இப்போது படுகிறது. பிறகு 55-250, அல்லது 70-300. பறவைப் பித்துப் பிடித்தவர்களுக்கு அங்கிருந்து சிக்மா, டாம்ரான் 150-600, நிக்கான்காரர்களுக்கு 200-500. லென்ஸ் வந்ததும் அதற்கேற்ற பாடி இல்லையே என்ற குறை. பாடி வந்ததும், 2018-க்குப் பிறகு கேனானும் நிக்கானும்கூட ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்களே, நாம் மட்டும் கண்ணாடி தூக்கி விழுகிற பழைய கேமராவோடு நிற்கிறோமே என்ற குறை. ஒவ்வொரு படியிலும் ஏதோ கூடுகிறது என்றுதான் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 18 எம்எம் வைத்துப் பார்த்தால் காட்சியின் அகலம் ஏறக்குறைய 66 பாகை. 600 எம்எம்-இல் அது 2 பாகைக்குக் கொஞ்சம் மேல். நாலு முழுநிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். இருபது மீட்டர் தள்ளி இருக்கும் பறவையைச் சுற்றி முக்கால் மீட்டர் உலகம்தான் படத்துக்குள் வரும். அதே இடத்தில் நின்று 18-இல் எடுத்தால் 26 மீட்டர் வரும். குழைவுக்கும் கணக்கு உண்டு. பறவையைப் படத்தில் ஒரே அளவில் வைத்தால், தொலைவில் இருப்பது எவ்வளவு கரையும் என்பதை லென்ஸ் துவாரத்தின் விட்டம்தான் முடிவு செய்கிறது. கிட் லென்ஸில் 55 எம்எம், எஃப்/5.6 என்றால் அந்த விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர். 600 எம்எம், எஃப்/6.3 என்றால் 95. இரண்டு கிலோ எடையும், லட்சத்தைத் தொடும் விலையும், வீட்டில் சொல்ல வேண்டிய பொய்களும் பெரும்பாலும் இந்த விட்டத்துக்காகத்தான். கிட்டத்தில் பார்க்க வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குகிறோம். கையில் வருவது கிட்டத்தில் பார்க்கும் திறனும், கூடவே சுற்றியுள்ளதை அழிக்கும் திறனும்.

பிக்செல் கதையை நீட்ட வேண்டியதில்லை. 24 மெகாபிக்செலிலிருந்து 45-க்குப் போனால் படத்தின் அகலம் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. 24 மெகாபிக்செல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட்டாலே 20 அங்குலம் வரும். நம்மில் யார் வீட்டுச் சுவரில் 20 அங்குலத்துக்கு இலைக்கோழி தொங்குகிறது? எல்லாம் போனில் வந்து விரலால் தள்ளப்பட்டு மேலே போகின்றன. ஆனாலும் கூடுதல் பிக்செலுக்கு ஒரு பயன் இருக்கிறது, அதை யாரும் மறைப்பதில்லை: இன்னும் கொஞ்சம் வெட்டலாம். ஏற்கெனவே முக்கால் மீட்டராகச் சுருங்கிய தேரூரை வெட்டிவெட்டி ஒரு சாணாக்கிவிடலாம்.

இந்த ஊரில் லென்ஸ் வைத்துக் காப்பாற்றுவதே தனிப் பாடு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். மணக்குடிக் காயலோரம் ஒரு காலைப்பொழுது நின்றுவிட்டு வந்தால் முன் கண்ணாடியில் உப்பு படலமாகப் படிந்திருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவன் முதலில் ஷட்டர் கவுன்ட் கேட்பான். விவரம் தெரிந்தவன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பார்ப்பான். சிலந்தி வலையின் ஒரு மூலையைக் கிள்ளி ஒட்டியதுபோல் மெல்லிய வெள்ளை இழைகள் கிளைத்துக் கிடந்தால் ஃபங்கஸ். பூட்டிவைத்த லென்ஸில்தான் அது சீக்கிரம் வரும், அடிக்கடி வெயில் காணும் லென்ஸில் அவ்வளவாக வராது. சிலிக்கா ஜெல், பிளாஸ்டிக் டப்பா, கடைசியில் கரண்டில் ஓடும் டிரை கேபினெட். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக்காற்று இறங்கும் நாளில் இரண்டு கிலோ லென்ஸைக் கையில் பிடித்து நிற்பது சுலபமில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான் இங்கே லென்ஸ் ஹூடைப் பிடித்து இழுக்கிறது. 2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியபோது எங்கள் கூட்டத்தில் ஒரு சின்ன உற்சாகம் ஓடியது நினைவிருக்கிறது. மிச்சமாகும் பத்து சதவீதத்தில் என்ன வாங்கலாம் என்றுதான் பேச்சு. விலை குறைந்தால் செலவும் குறையும் என்பது இந்தப் பொழுதுபோக்குக்குப் பொருந்தாத விதி.

மிரர்லெஸ் வந்தபின் இன்னொன்று நடந்தது. 2020-இல் வந்த கேனான் ஆர்5 பறவையைத் தானாகவே அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்தது. அடுத்த ஆண்டு சோனி ஏ1 பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்தது. இப்போது பல கேமராக்களின் மெனுவில் ஒரு பட்டியலே இருக்கிறது: மனிதர், விலங்கு, பறவை, சிலவற்றில் பூச்சி, கார், ரயில், விமானம். எதை எடுக்கப் போகிறாய் என்று கேமரா முன்கூட்டியே கேட்கிறது. இந்தப் பட்டியலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நெல்கதிர்களுக்கு நடுவே பறக்கும் ஆலாவின் கண்ணில் அந்தச் சின்னக் கட்டம் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது, இத்தனை வருடம் விரலுக்கும் கண்ணுக்கும் கொடுத்த பயிற்சியெல்லாம் வீணோ என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் குளம் இல்லை. வயல் இல்லை. இருக்கவும் முடியாது. குளத்துக்குக் கண் எங்கே இருக்கிறது, ஃபோகஸ் போய் நிற்க? ஓரிடத்தில் நிற்காமல் பரந்து கிடப்பதை இந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. சொல்லிக்கொடுக்க முடியாததை வாங்குகிறவனும் மெல்ல மறந்துபோகிறான் என்பதுதான் என் சந்தேகம். கரையில் நிற்கும்போது இப்போதெல்லாம் என் கண்ணும் முதலில் கட்டம் போடுகிறது.

ஒருநாள் கரையில் பசுவை மேயவிட்டு நின்ற பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் நீலத் தாழைக்கோழி. “இது எந்த ஊருல எடுத்ததாக்கும்?” என்றார். “நம்ம கொளந்தான் பாட்டா, இப்பம் எடுத்தது” என்றேன். கண்ணைச் சுருக்கி இன்னொரு முறை பார்த்தார். “கரையக் காணல்லியே மக்கா.” கோழி அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மடைப் பக்கம் ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது படத்தில் விழுந்திருக்கிறதா என்று கேட்டார். பொதுப்பணித் துறைக்கு மனு எழுதப் போகிறார்களாம், படம் ஒன்று வைத்தால் நல்லது என்று பேசிக்கொண்டார்களாம். மெமரி கார்டை முன்னும் பின்னும் உருட்டினேன். தாழைக்கோழி இடதுபக்கம் பார்க்கிறது, வலதுபக்கம் பார்க்கிறது, தண்டைக் காலால் பிடித்துக் கடிக்கிறது. ஆகாயத்தாமரை ஒரு படத்தில் ஊதா மங்கலாக இருந்தது, அதை வைத்து மனு கொடுக்க முடியாது. அவர் தன் பட்டன் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பேரன் வந்தால் அவன் போனில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். என் கையில் இரண்டு கிலோ இருந்தது.

தொல்காப்பியம் பொருளை முதல், கரு, உரி என்று பிரிக்கும்போது நிலமும் பொழுதும் முதற்பொருள். புள்ளும் விலங்கும் மரமும் கருப்பொருள். நாரை என்றால் எந்த நிலத்து நாரை, எந்தப் பொழுதில் நிற்கும் நாரை என்பதற்குப் பிறகுதான் அது நாரை. குமரி மாவட்டத்தில் பாலை நீங்கலாக நான்கு நிலமும் உண்டு என்று மேடைதோறும் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு ஒன்று இங்கே இருக்கிறது. கேட்டால் எனக்கே கொட்டாவி வரும். ஆனாலும் பேச்சில் உண்மை இருக்கிறது. மலையும் வயலும் குளமும் கடலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் ஊர் இது. எதைப் படமெடுத்தாலும் இன்னொன்று பின்னால் வந்து நிற்கும். அந்த நெரிசல்தான் இந்த ஊரின் முகம், அதைத்தான் நாங்கள் காசு கொடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். முதற்பொருள் இல்லாத கருப்பொருள்களாக எங்கள் ஹார்டு டிஸ்க்குகள் நிறைகின்றன. இடம் படத்துக்குள்ளிருந்து வெளியேறி, அடியில் ‘தேரூர், குமரி மாவட்டம்’ என்று எழுதும் வரியில் போய் ஒதுங்கிவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டால் ஒன்றும் மிச்சமில்லை. இதில் இன்னொரு பொய்யும் சேர்ந்துகொள்கிறது. 2022-இல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. முதலாவது சுமார் 94 ஹெக்டேர், இரண்டாவது 20 ஹெக்டேர்கூட இல்லை. இரண்டுமே காடு கொடுத்தவை அல்ல. மனிதர் மண் சுமந்து கரை போட்டு, மடை வைத்து, கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தண்ணீர் தேக்கிய குளங்கள். பறவை அந்த வேலையின்மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. பின்னணியை உருக்கியதும் மண்வெட்டியின் தடம் மறைந்து, ஆளரவமற்ற கானகத்தில் நிற்கும் பறவையாக அது மாறிவிடுகிறது. பார்ப்பவர்களும் ‘என்ன காடு!’ என்கிறார்கள்.

தேரூரிலிருந்து வண்டியை எடுத்தால் அரைமணி நேரத்துக்குள் கன்னியாகுமரி. அங்கே கடற்கரையில் பிழைப்புக்குப் படமெடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். கழுத்தில் பெயிண்ட் உரிந்த டிஎஸ்எல்ஆர். பெரும்பாலும் அந்த மரியாதையற்ற கிட் லென்ஸ்தான். தோள்பையில் சிறிய பிரிண்டர். சுற்றுலா வந்த குடும்பத்தை வரிசையாக நிறுத்தி, பின்னால் 1970-இல் எழுந்த விவேகானந்தர் பாறை மண்டபமும், 2000 ஜனவரி முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவரும் விழும்படி நகர்த்தி நகர்த்தி எடுப்பார்கள். 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் வந்த பிறகு அதுவும் உள்ளே வர வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் காசு கொடுப்பது பின்னணிக்காக. முகம் அவரவர் ஊரிலும் கிடைக்கும்; வள்ளுவர் இங்கேதான் நிற்கிறார். வள்ளுவரை உருக்கி எடுத்துக் கொடுத்தால் அந்தப் படத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே துவாரத்தைச் சுருக்கி, எட்டிலோ பதினொன்றிலோ வைத்து, முன்னும் பின்னும் ஒன்றுபோலத் தெரிய எடுக்கிறார்கள். 1932-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன், ஆன்செல் ஆடம்ஸ் முதலானோர் தங்கள் குழுவுக்கு மிகச் சிறிய துவாரத்தின் எண்ணையே பெயராகச் சூட்டி ‘எஃப்/64’ என்று கூடியதை இந்தக் கடற்கரைக்காரர்களிடம் சொன்னால் இதில் என்ன அதிசயம் என்பார்கள். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அவர்கள் தொழில் நொடித்துக்கொண்டிருக்கிறது. பாடியை மாற்றும் யோசனையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. இருக்கிற ஷட்டர் உழைக்கும்வரை உழைக்கட்டும் என்பதோடு சரி.

நீள லென்ஸை இப்படி ஒரேயடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. தூரத்தில் நின்று எடுக்க முடிவதால்தான் பறவை பறவையாக இருக்கிறது. 18 எம்எம்-ஐ வைத்துக்கொண்டு கூழைக்கடாவைப் படத்தில் நிறைக்கப் போனால் அது எழுந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும். கூடு கட்டும் காலத்தில் அது படத்தைவிடப் பெரிய நஷ்டம். காலில் வளையம் மாட்டிய உள்ளானின் எண்ணைப் படிக்க, இரண்டு ஆலாக்களில் எது எந்த இனம் என்று தீர்த்துக்கொள்ள டெலி லென்ஸ் வேண்டும். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சந்தேகத்தைத் தீர்ப்பது இந்தப் படங்கள்தாம். போதாததற்கு, கலை என்றாலே விலக்குவதுதானே, சோழர் காலத்துச் செப்புத் திருமேனிக்குப் பின்னணி எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பர் மடக்கினார். பதில் சொல்லத் தெரியவில்லை. திருமேனிக்குப் பின்னால் கோயில் இருந்தது என்று மறுநாள் தோன்றியது. அதுவும் முழுப் பதிலாகப் படவில்லை. இந்த இடத்தில் காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 1996-இல் மறைந்தவர். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மீதி உதிரிகள் எல்லாம் தானே கூட்டிப் பொருத்தியது அவர் கேமரா. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். அவரும் டெலிதான் வைத்திருந்தார். ஆனால் அவருடைய யானைப் படங்களில் புல் எந்த உயரத்துக்கு நிற்கிறது, மரம் எந்த மரம் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் குற்றம் லென்ஸில் இல்லை, இதைக் கழித்துவிடு என்று கேட்கிற மனத்தில்தான் இருக்கிறது என்று வாதம் போகும். போகட்டும். ஆனால் அந்த மனத்தை வளர்த்தது யார்? ஐயாயிரம் ரூபாய் லென்ஸிலும் லட்ச ரூபாய் லென்ஸிலும் விளம்பரத்தின் முதல் வரி குழைவைப் பற்றித்தான். 2016-க்குப் பிறகு போன்களே கணக்குப் போட்டுப் பின்னணியைப் பொய்யாகக் குழைத்துக் கொடுக்கின்றன. 95 மில்லிமீட்டர் கண்ணாடி செய்கிற வேலையை இலவசமாகச் செய்ய முடிந்ததும் கல்யாண வீட்டிலிருந்து சாவு வீடு வரை எல்லோரும் தங்கள் சுற்றுப்புறத்தை மங்கலாக்கிக்கொண்டார்கள்.

வீட்டு அலமாரியில் அத்தையின் படம் ஒன்று இருக்கிறது. அக்ஃபா கிளிக் III-இல் எடுத்தது. ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம், வெயிலுக்கு ஒன்று மேகத்துக்கு ஒன்று என்று அமைப்பு, ஃபோகஸ் என்ற பேச்சே இல்லை. ஃபிலிம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த இந்துவாக இருக்கலாம். அத்தை முகம் கொஞ்சம் அசைந்திருக்கிறது, சேலைக் கரை தெளிவில்லை. பின்னால் குளத்தங்கரையும், மடைக்கல்லும், கல்லில் காயப்போட்ட ஒரு துண்டும், கரையில் வரிசையாகப் பனைகளும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. இன்று அந்தப் பனைகளில் ஒன்றுகூட இல்லை; மடைக்கல் கான்கிரீட் ஆகிவிட்டது. இதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று எடுத்தவர் நினைத்திருக்கவே மாட்டார். மலிவான கருவிக்கு எதையும் விலக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான்குவழிச் சாலை எங்கள் குளங்களின் ஊடாகப் போகிறது என்று இத்தனை ஆண்டுகளாகப் பேச்சும் போராட்டமும் நடந்திருக்கின்றன. மண் விழுமுன் தண்ணீர் எதுவரை நின்றது என்று காட்ட, இந்த மாவட்டத்துப் பறவைப் படக்காரர்கள் அத்தனை பேரின் ஹார்டு டிஸ்க்கையும் திறந்து தேடினால் எத்தனை படம் தேறும்? அந்தக் குளங்களின் மீன்கொத்திகள் நிறையக் கிடைக்கும். பின்னால் பச்சைக் குழைவு.

லென்ஸ் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் கேட்க மாட்டீர்கள், நானே கேட்கப்போவதில்லை. 150-600 வாங்குவதற்காகக் கிட் லென்ஸை மட்டும் விற்றுவிடாதீர்கள். விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. குளத்துக்குப் போகிற நாளில், பறவையைத் தேடத் தொடங்குமுன், எப்போதும் ஒரே இடத்தில் நின்று 18 எம்எம், எஃப்/8-இல் ஒரு படம் எடுத்துத் தேதியோடு போட்டு வையுங்கள். கரை, மடை, மறுகால் மூன்றும் உள்ளே வருகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.